ஏர் ஃபில்டருக்குள் இருந்த திரிகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். பேப்பரை எடுத்து உட்காருவேன், நாலு வரி எழுதுவேன், கிழித்துப் போட்டுவிடுவேன். படிப்பவர்கள் சிரிப்பார்களோ என்ற பயம்தான். இன்று கிருத்திகை. சாமி கும்பிட்டுவிட்டு, என்ன ஆனாலும் சரி என்று எழுதுகிறேன்.

ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாதா மாதம் கிருத்திகைக்கு நானும் என் மனைவியும் எங்கள் பழைய காரில் ஜவ்வாது மலை ஏறி, அங்கே இருக்கும் முருகன் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வருவோம். உடம்புக்கு முடியாமல் படுத்த பிறகும் அவளுக்கு அந்த விளக்கு நினைப்புதான். கட்டிலில் சாய்ந்துகொண்டு, விரலில் விபூதி தொட்டுத் தொட்டு, ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய பஞ்சுத் திரி திரித்து வைத்தாள். "நான் போனப்புறம் கடைத் திரிய ஏத்தாதீங்க. அது நின்னு எரியாது" என்றாள். அதற்குப் பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை.

துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருடம் மலைக்கோயில் ஏறக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் கார் ஷெட்டிலேயே கிடந்தது. எப்போதாவது ஸ்டார்ட் பண்ணி அணைத்து விடுவேன், அவ்வளவுதான். மகன் பெங்களூரில் இருக்கிறான். வீட்டில் நான் மட்டும். காலையில் அவள் திரித்த திரியில் ஒன்றை எடுத்து விளக்கேற்றுவேன். பிறகு பொழுது போகவே போகாது.

அந்த டப்பாவுக்கு மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. சாமி அலமாரியில் திறந்தபடிதான் இருக்கும். நான் எடுப்பது ஒன்றுதான், ஆனால் டப்பா சீக்கிரம் சீக்கிரம் இறங்கியது. முதலில் என் ஞாபக மறதி என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் மனசில் பட்டுவிட்டது, அவள்தான் வந்து எடுக்கிறாள் என்று. போன இடத்தில் அவளுக்கும் விளக்கேற்ற வேண்டாமா? அன்றிலிருந்து எழுந்ததும் டப்பாவைப் பார்ப்பேன். குறைந்திருந்தால், "வந்துட்டுப் போயிட்டியா?" என்று கேட்பேன். குறையாத நாளில் எனக்குச் சோறு இறங்காது. மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவான்.

வருஷத் திதி முடிந்து வந்த முதல் கிருத்திகை அன்று மலைக்குக் கிளம்பினேன். டப்பாவில் அடியில் கொஞ்சம் திரிதான் மிச்சம். டப்பாவையும் எண்ணெய்ப் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு, முன் சீட்டில் அவள் உட்காரும் இடத்தில் வைத்தேன். மதியம் தாண்டியிருந்தது.

சமதரையிலேயே வண்டி சோம்பலாகத்தான் வந்தது. மலைப்பாதையில் வளைவுகள் ஆரம்பித்ததும் சுத்தமாக இழுக்கவில்லை. ஃபர்ஸ்ட் கியரில் உறுமியது, கறுப்புப் புகை தள்ளியது, ஒரு வளைவில் நின்றே போய்விட்டது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்கினேன். போனில் டவர் இல்லை. பாதையில் ஒரு ஆள் இல்லை. ஒரு வருடம் காத்திருந்து கிளம்பினேனே, இதுவும் கூடாதா முருகா என்று கல்மேல் உட்கார்ந்திருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து, சந்தைக்குப் போன ஜனங்களை ஏற்றிக்கொண்டு நெல்லிவாசல் பக்கம் போகும் ஜீப் ஒன்று வந்தது.

"இன்னா சார், வண்டி மக்கர் பண்ணுதா?" என்று டிரைவர் இறங்கி வந்தார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேட்டார். "மூச்சு முட்டுது சார் வண்டிக்கு. ஏர் ஃபில்டர தொறந்து எத்தினி நாளாச்சி?"

"அது எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுப்பா."

ஜீப்புக்குள் எல்லாரும் சிரித்தார்கள். டிரைவர் பானெட்டைத் தூக்கி, ஒரு கறுப்பு டப்பாவின் கிளிப்புகளை நெம்பி மூடியைத் தூக்கினார்.

"அட கடவுளே! பிள்ளையாரு வாகனம் உங்க வாகனத்துக்குள்ள வூடு கட்டிகினு கீது சார்!"

எட்டிப் பார்த்தேன். எலிக்கூடு. அத்தனையும் வெள்ளைப் பஞ்சு. திரி. என் மனைவி திரித்த திரிகள். அதன் நடுவில் கண் திறக்காத எலிக்குஞ்சுகள், ரோஜா நிறத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக.

அவள் செத்த அன்றுகூட நான் அப்படித் தனியாக நின்றதில்லை. அன்று ஊரே கூட இருந்தது. அப்புறமும் அவள் வந்து போகிறாள் என்று இருந்தேன். இப்போது பார்த்தால், அவள் ஒரு நாளும் வரவே இல்லை.

டிரைவர் கூட்டை அள்ளிப் பள்ளத்தில் வீசப் போனார். "வேணாம்பா" என்று அவர் கையைப் பிடித்து, கூட்டை என் துண்டில் வாங்கிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது.

ஜீப்பின் முன் சீட்டிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்தார். "இன்னாங்கண்ணா, எலிக்குட்டிக்கா அழுவுறீங்க? நாங்க எலிக்கு அழுதா சாமை எப்டி வூடு வந்து சேரும்?" என்றார். யாரிடமும் சொல்லாததை அந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் சொன்னேன். திரி டப்பாவையும் காட்டினேன்.

அந்த அம்மா கூட்டிலிருந்து ஒரு திரியை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். "இன்னா இறுக்கமா திரிச்சிருக்காங்க! எலி இழுத்தும் பிரியல பாருங்க" என்றார்.

"தாய் எலி எங்கம்மா இருக்கும்?"

"வண்டி கெளம்பசொல்ல குதிச்சி ஓடியிருக்கும். உங்க வூட்லதான் தேடிகினு கெடக்கும்."

"இதுங்க தாங்குமா?"

"தாயில்லாம தாங்காதுங்க."

அதற்குள் டிரைவர் ஃபில்டரைக் கல்லில் தட்டி, கறுப்பு டப்பாவைத் துடைத்து மாட்டிவிட்டார். ஃபில்டரின் ஒரு மூலையை எலி கடித்திருந்தது. "இன்னிக்கு ஓடும். மேல போறதுன்னா போங்க, ஆனா இருட்டுல எறங்காதீங்க, ராத்திரி அங்கயே தங்கிடுங்க. நாளைக்கே புது ஃபில்டர் போட்டுடுங்க" என்றார்.

மேலே கோயில். கையில் குஞ்சுகள். பையை அந்த அம்மாவிடம் நீட்டினேன். "நீங்க மேலதான போறீங்க. எனக்குப் பதிலா விளக்குப் போட்டுருங்கம்மா."

"நீங்க?"

"இதுங்கள வீட்டுல விட்டுடறேன்."

"எலிக்கு டாக்ஸி ஓட்டுறாருடா சாமி!" என்று டிரைவர் தலையில் கை வைத்தார். ஆனால் வண்டியைத் திருப்ப அவர்தான் உதவினார்.

அந்த அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு, "அவங்க பேரு இன்னாங்க? யார் பேருக்கு ஏத்த?" என்று கேட்டார். சொன்னேன். அவரும் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். என் மனைவியின் பேரை இன்னொருவர் வாயால் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

திரியோடு குஞ்சுகளைத் துண்டில் பொதிந்து, அவள் சீட்டில் வைத்து, மெதுவாக இறங்கினேன். ஷெட்டில் ஒரு கொட்டாங்கச்சியில் அப்படியே வைத்துவிட்டு, காரை வெளியே நிறுத்தினேன். காலையில் பார்த்தால் குஞ்சுகள் இல்லை. தாய்தான் தூக்கிப் போயிருக்கும் என்று நம்புகிறேன். திரிகள் மட்டும் கிடந்தன. கழுவி, காயவைத்து, தினம் ஒன்றாக ஏற்றினேன். நின்று எரிந்தன.

புது ஃபில்டர் போட்டாயிற்று. இப்போது ஒவ்வொரு கிருத்திகைக்கும் கிளம்பும் முன் நானே கிளிப்பை நெம்பித் திறந்து பார்ப்பேன். உள்ளே வெறும் தூசிதான் இருக்கும். தட்டிவிட்டு மூடுவேன். அந்த அம்மாவை மலையில் தேடியிருக்கிறேன், பார்க்க முடியவில்லை. விளக்கேற்றியிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சொந்தக்காரர்கள் ஓரிருவரிடம் இதைச் சொன்னேன். அவர்கள் வாயில் இது, "அவர் சம்சாரம் எலி ரூபத்துல வந்துச்சாம்" என்று மாறிவிட்டது. அதனால்தான் எழுதத் தயங்கினேன். முருகன்மேல் எனக்கு உள்ள பக்தி குறையவில்லை, ஆனால் நடக்காததை நடந்ததாகச் சொல்ல மனம் வரவில்லை. படிப்பவர்கள் யாரிடமாவது இதைச் சொன்னால், தயவுசெய்து ஒன்றும் கூட்டாமல் அப்படியே சொல்லுங்கள். வந்தது எலிதான், அவள் வரவில்லை. ஆனாலும் அவள் கைப்பட்ட பஞ்சின் சூட்டில் சில உயிர்கள் கண்மூடித் தூங்கின என்பதை நினைத்துக்கொண்டுதான் நான் இன்றும் அந்த வீட்டில் தனியாகத் தூங்குகிறேன்.