குறிப்புக் கட்டத்தில் எழுதாத பெயர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை சவரிமுத்துவின் மகள் ஆரோக்கியமேரி தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிள், அப்பா விடியக்காலம் போயிட்டாங்க" என்றாள். நான் கேட்டது, எத்தனை மணிக்கு என்று. எதையும் நேரத்தோடு குறித்துவைக்கும் பழக்கம் அந்த வேளையிலும் என்னை விடவில்லை. அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

எழுபதுகளின் பிற்பாதியில் காவிரியில் நீரோட்டம் அளந்த எங்கள் பிரிவில் இருந்தவர்களுக்குப் படகோட்டி சவரிமுத்துவை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே ஆற்றில் படகை அசையாமல் நிறுத்திவைப்பது அவர் வேலை. கிண்ணங்கள் சுழலும் கருவியை நீரில் இறக்கி, அது அடிக்கும் மணியை எண்ணி, வேகத்தைக் கணக்கிட்டு எழுதுவது என் வேலை. எனக்கு நீச்சல் தெரியாது.

முதல் நாள், படகை நேரே நடு ஆற்றிலேயே மேலே ஏற்றலாமே என்றேன். சிரித்தார்.

"ஆத்தோட மல்லுக்கு நிக்கக் கூடாது சார். எறங்கும்போது நடுவுல எறங்கலாம். ஏறணும்னா ஓரமா ஏறணும், அங்கதான் தண்ணி அசந்து கெடக்கும்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க ரோட்டுலயே ஓரமாப் போற ஆளு. உங்களுக்குச் சொல்லவா வேணும்?" என்றார். துடுப்புக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது பின்னால் வந்த ஓர் ஐப்பசி வெள்ளத்தை. மலைக்கோட்டையே தெரியாத மழை. நடு ஆற்றில் நங்கூரம் போட்டு அளந்தோம். மணி நிதானமாக அடித்தது; வேகம் குறைவு என்று எழுதிக்கொண்டேன். கரைக்கு வந்ததும் அளவைத் தொலைபேசியில் அதிகாரிக்குச் சொன்னேன். "அப்ப ஓடத்துறைக் குடிசைக்காரங்கள இப்பக் கெளப்ப வேண்டாம்" என்றார் அவர்.

கொட்டகையில் டீ குடிக்கும்போது சவரிமுத்து மெல்ல ஆரம்பித்தார்.

"சார், நங்கூரம் ஒரே இழுப்புல வந்துருச்சு. எப்பவும் ரெண்டு பேரு தொங்கணும்."

"அதனால என்ன?"

"அது மண்ணக் கவ்வவே இல்ல. நாம ஆத்தோட சேந்து போயிக்கிட்டே அளந்திருக்கோம். தண்ணிய மட்டும் பாத்தா நிக்கிற மாதிரிதான் இருக்கும் சார். கரையில ஒரு மரத்தப் பாத்திருக்கணும். மழையில நானும் பாக்கல."

படகும் ஓட்டத்தோடு நகர்ந்தால் கருவிக்கு மிச்ச வேகம்தான் தெரியும். எனக்குப் புரிந்தது. ஆனால் சொன்ன அளவைத் தவறென்று எப்படிச் சொல்வது? வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. டீயைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். "என் பேரச் சொல்லுங்க. நங்கூரம் போட்டவன் நான்தானே. ஆனா இன்னொரு தரம் போயிட்டு வந்துருவோம்."

போனோம். கரையோரமாகப் படகை மேலே ஏற்றவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. இம்முறை இரண்டு நங்கூரம். சவரிமுத்து தென்கரை இலுப்பை மரத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. மணி விடாமல் அடித்தது. எண்ணவே திணறினேன்.

அதிகாரியிடம் நான் சொன்னது இதுதான்: "முதல் அளவுல எனக்குச் சந்தேகம் இருந்தது சார். மறுபடி அளந்தேன்." சவரிமுத்துவின் மேல் பழி போடவில்லை. அவர் பெயரையே சொல்லவும் இல்லை. பதிவேட்டில் குறிப்பு எழுதும் கட்டத்தை வெறுமையாக விட்டேன். மதியத்துக்குள் குடிசைகள் காலியாயின. சாயங்காலம் அவற்றுக்குள் இடுப்பளவு தண்ணீர்.

எண்பதுகளில் எனக்கு மாறுதல் வந்தபோது, வழியனுப்பும் கூட்டத்தில் அதிகாரி அந்தக் கதையைச் சொல்லி, "தன்னையே சந்தேகப்படத் தெரிஞ்ச ஆளு" என்று என்னைப் பாராட்டினார். கடைசி வரிசையிலிருந்து பலமாகக் கைதட்டியவர் சவரிமுத்து. பிறகு பஸ் நிறுத்தத்தில், "நீங்க ஏன் சொல்லாம இருந்தீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? நீச்சல் தெரியாத ஆளு, அந்த வெள்ளத்துல ரெண்டாந்தரம் படகுல ஏறுனீங்கள்ல. எனக்கு அது போதும் சார். பஸ் வருது, ஓரமா நில்லுங்க."

அப்போதே திரும்பிப் போய் அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அந்த அதிகாரி இன்று இல்லை. பதிவேடு எங்கே இருக்கிறதோ தெரியாது. சவரிமுத்துவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்: நான் சரியாகத்தான் நிற்கிறேன் என்று தோன்றும்போதெல்லாம் கரையில் ஒரு மரத்தைத் தேடுவது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்திலும் தேடினேன். நான் நின்ற இடம் சரியில்லை என்று தெரிந்தது.

ஆகவே, அன்று எனக்காகக் கைதட்டியவர்களில் மிச்சமிருப்பவர்கள் அறிய, அந்தக் கட்டத்தை இங்கே நிரப்புகிறேன்.

முதல் அளவு தவறு. நங்கூரம் பிடிக்கவில்லை. கண்டறிந்து மறுபடி அளக்க வைத்தவர், படகோட்டி சவரிமுத்து.