வெறும் காற்றில் சாகும் பாசி

தாஷ்கண்டில் எங்கள் பாசி ஆய்வுக்கூடத்துக்கு ஹோசியத் அக்கா கண்ணாடிக் குடுவை கழுவ வந்தவள். படிப்பு எட்டாம் வகுப்பு. ஆறு வருடம் பாசி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் தட்டுத் தட்டாகத் தேடி, பட்டம் வாங்கிய எங்களில் எவனும் காணாத ஒரு பாசியைப் பிடித்துவிட்டாள்.

மற்றப் பாசிகள் கெட்டிக்காரப் பயல்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் கொஞ்சநஞ்சக் கரியமில வாயுவையும் இழுத்து, உடம்புக்குள் ஒரு குட்டி அறையில் சேர்த்து அடைத்து, வெளிச்சத்தில் சமைத்துத் தின்னும். அக்காவின் பாசிக்கு அந்த அறை பிறவியிலேயே இல்லை. சிலிண்டரிலிருந்து அந்த வாயுவை நிறைத்த பெட்டிக்குள்தான் பிழைக்கும், வெறும் காற்றில் செத்துப்போகும். அந்த அறையின் அருமையை அதை வைத்துத்தான் நிரூபிக்க முடியும். டிசம்பரில் மேலிடத்துக் குழு வரும்போது பாசி உயிரோடு இருந்தால் அக்காவுக்கு ஆய்வாளர் பதவி. இல்லாவிட்டால் மறுபடி கழுவுதொட்டி.

செப்டம்பரில் வழக்கம்போல அரசு உத்தரவென்று எல்லோரையும் பருத்தி பறிக்க ஓட்டிக்கொண்டு போனார்கள். காமாலையில் கிடந்து எழுந்த என்னை மட்டும் விட்டார்கள்.

"தம்பி, சிலிண்டர் முள்ளை மட்டும் தினம் பாத்துக்க. வேற ஒண்ணும் கேக்கல," என்றாள் அக்கா.

பருத்திக் காலத்தில் கல்யாணம் கூடாது என்பதெல்லாம் மற்றவர்களுக்கு. ஆய்வுக்கூடத்து இயக்குநர் துர்தியேவ் தன் மகனுக்கு அக்டோபரில் வைத்தார். அறுநூறு பேருக்குச் சோடா வேண்டும்; சோடாவில் அடைப்பதும் அதே கரியமில வாயுதான்.

"அஞ்சே நாள்டா. பாசி என்ன, பால் குடிக்கிற பிள்ளையா?" என்றார் என்னிடம்.

சிலிண்டரை வண்டியில் ஏற்றிவிட்டது நான்தான். பன்னிரண்டு நாள் கழித்துக் காலியாக வந்தது.

நவம்பரில் அக்கா விரலெல்லாம் கிழிந்து திரும்பினாள். முப்பது குடுவையும் வெளுத்திருந்தன. விசாரணைக் கூட்டத்தில் துர்தியேவ், "கழுவுறவளை நம்பினது என் தப்பு. பெட்டியைச் சரியா மூடாமப் போயிருக்கா," என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோழைப் பயல் நான்.

அந்த முப்பது குடுவையையும் அவளையே கழுவச் சொன்னார்கள். நான் அருகில் போய் நின்றேன்.

"ஒண்ணாவது பச்சையா இருக்கா பாரு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். "இல்லக்கா."

அவள் குழாயைத் திறந்தாள். "சோடா நல்லா இருந்துச்சா?"

மூன்று தம்ளர் குடித்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது.