எழுதிக் கொடுங்க, சார்

தீவின் கிழக்கே இருந்த பழைய கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷனில் பதினோரு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். பாசிர் ரிஸ் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஒரு மழை நாளில் அங்கே தொட்டி பொங்கி, கழிவுநீர் பக்கத்துக் கால்வாயில் கலந்தது. நிரம்பும் முன் கத்த வேண்டிய அலாரம் கத்தவில்லை. காலையில் அதை அணைத்தவன் நான். அணைக்கச் சொன்னவர் என் சூப்பர்வைசர், என்னைவிடப் பத்து வயது இளையவர். "சும்மா கத்திக்கிட்டே இருக்கு, ஆஃப் பண்ணு லா" என்றார். விசாரணையில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றார்.

என்னைத் தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸுக்கு மாற்றினார்கள். ஆறு வருடம் ரயிலில் முதல் ஸ்டேஷனில் ஏறிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கினேன். ரயிலில் எல்லோரும் தூங்குவார்கள். நான் அவர் மாட்டிக்கொள்ளும் விதங்களை யோசித்துக்கொண்டு வருவேன்.

பிறகு அந்தப் பழைய பம்பிங் ஸ்டேஷனைப் புதுப்பிக்க முடிவானது. பழைய குழாய்கள் போகும் வழி தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னைத் திரும்ப அழைத்தார்கள். புது பம்புகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பும் எனக்கு வந்தது. முதல் கூட்டத்தில் காண்ட்ராக்டர் பக்கம் புராஜெக்ட் மேனேஜராக வந்து உட்கார்ந்தவர், வேலை மாறிப் போயிருந்த என் பழைய சூப்பர்வைசர்தான்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?"

முன்பெல்லாம் 'நீ'தான்.

"இருக்கேன், சார்" என்றேன்.

சோதனை நாளில் பம்புகள் நன்றாகவே ஓடின. ஆனால் நீர்மட்டம் குறைந்த பிறகும் அலாரம் நிற்கவில்லை. எனக்குக் காரணம் தெரியும். சாப்பாட்டுக் கடைகளிலிருந்து வரும் கொழுப்பு, நீர்மட்டத்தோடு ஏறி இறங்கி அலாரத்தை இயக்கும் மிதவையில் அப்பிக்கொண்டு, அதைக் கீழே இறங்க விடாது. மேலே இழுத்துத் தண்ணீர் பீய்ச்சினால் பத்து நிமிட வேலை. நான் வாயைத் திறக்கவில்லை.

மதியம் அவருடைய கம்பெனிப் பெரியவர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. என்னை ஓரமாக அழைத்தார்.

"அண்ணே, டெஸ்ட் முடியிற வரைக்கும் அலாரத்தை பைபாஸ் பண்ணிடலாமா?"

"எழுதிக் கொடுங்க, சார்."

"நமக்குள்ள எதுக்குண்ணே?"

"நமக்குள்ளதான் வேணும்."

வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்திருந்தார். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அலாரத்தை நான் தொடவில்லை. தாளைக் கொண்டுபோய் அவருடைய பெரியவர்களிடமும் என் மேலதிகாரியிடமும் காட்டினேன். அந்த ஸ்டேஷனில், அந்த அலாரத்தை அணைக்கக் கேட்டு ஒரு கையெழுத்து. யாரும் சத்தம் போடவில்லை. அடுத்த வாரம் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மிதவையை நானே கழுவினேன்.

சில மாதம் கழித்து, தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை முன்னால் அவர் தன் மனைவியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தனியாக வந்தார்.

"மிதவைல கொழுப்புன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீங்களும் அன்னிக்கு விசாரணைல சொல்லியிருக்கலாம், சார்."

அவர் மன்னிப்புக் கேட்பாரென்று ஒரு கணம் காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். ஒரு கிலோ தொடைக்கறி வாங்கிக்கொண்டு பஸ் பிடித்தேன். அன்று இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.