அரை இஞ்சுக்காரரும் கார் கண்ணாடியும்

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. ‘அரை இஞ்ச்’ என்றால்தான் தெரியும். தையல்காரர். எந்தத் துணியைத் தைத்தாலும் உள்பக்கம் அரை இஞ்ச் கூடுதலாக மடித்து விட்டுத்தான் தைப்பார். உடம்பு இன்றைக்கு இருப்பது போலவா நாளைக்கும் இருக்கும், பிரித்து விட இடம் வேண்டாமா என்பார். அதோடு நின்றிருந்தால் நல்ல தையல்காரர் என்று நாலு பேர் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். மனிதர் வாழ்க்கைக்கே அரை இஞ்ச் விட ஆரம்பித்தார். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் மூன்று பேருக்கு உலை வைக்கச் சொல்வார். ரயில் ஏறப் போனால், முந்தின ரயிலே கிளம்பாத நேரத்தில் போய் உட்கார்ந்திருப்பார். நான் அதே கடையில் மூலையில் உட்கார்ந்து காஜா எடுத்துப் பட்டன் கட்டுகிறவள். ஆகையால் இந்த அரை இஞ்சிடமிருந்து எனக்குக் கடையிலும் விடுதலை இல்லை, வீட்டிலும் இல்லை.

அவருக்கும் அவருடைய அக்காவுக்கும் பேச்சு நின்றதற்குக் காரணமும் அதுதான். என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன், ஆஸ்பத்திரியில் நர்ஸ். தலைமை நர்ஸாக ஆனபோது, தம்பி கையால் ஒரு நீலக் கோட்டு தைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டார். பொய் சொல்லக் கூடாது, அதைப் போல ஒரு கோட்டு இவர் கையிலிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. அண்ணியின் மாமியார், கொழுந்தன், கூட வேலை பார்ப்பவர்கள் என்று அவர் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, அண்ணி அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். எல்லோரும் வாயாரப் புகழ்ந்தார்கள். இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“உள்ள அரை இஞ்ச் விட்டு வச்சிருக்கேன்க்கா. எப்படியும் நீ பெருத்துடுவ.”

கூடமே சிரித்தது. கொழுந்தன் தேவைக்கு மேலேயே சிரித்தார். அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார் பாருங்கள், சுவரில் இருந்த கடிகாரம் கீழே விழுந்தது. கதவை அடித்துச் சாத்துவது அவருக்குப் பிறவிக் குணம். நல்ல மனநிலையில் இருந்தாலும் அப்படித்தான் சாத்துவார். அன்றைக்குக் கோபமும் சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் பல வருஷம் போனும் இல்லை, போக்குவரத்தும் இல்லை. இவர் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். ஆனால் கடைக்கு நீலத் துணி எது வந்தாலும் கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

போன மாதம் அண்ணியிடமிருந்து எனக்குப் போன் வந்தது. நர்ஸுகள் கூட்டம் ஒன்று எங்கள் ஊரில் நடக்கிறது, இரண்டு நாள் தங்க வேண்டும், இன்ன தேதி சாயங்கால ரயிலில் வருகிறேன் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “அவனுக்கு இஷ்டம்னா ஸ்டேஷனுக்கு வரட்டும். வரலைன்னா நான் பாட்டுக்கு லாட்ஜ்ல தங்கிக்கிறேன்” என்றார்.

சேதியைச் சொன்னேன். இவர் அன்று முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாரே தவிர ஒரு தையல் போடவில்லை. சின்ன வயதில் அக்காவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போவாராம். இப்போது நம்மிடம் கார் இருக்கிறது, ஒரு தடவையாவது அக்காவைப் பின்சீட்டில் உட்கார வைத்து நான் ஓட்ட வேண்டும் என்றார். கார் என்று அவர் சொன்னது, எங்களுக்கு முன் இரண்டு பேர் ஆண்டு அனுபவித்துக் கழித்த ஒரு வண்டி. டாக்ஸி பிடிக்கலாமே என்று நான் சொன்னதற்கு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அக்கா வருவதற்கு ஒரு வாரம் முன்பே காரைக் கழுவித் துடைத்தார். பாட்டு கேட்டுக்கொண்டே துடைக்கலாம் என்று சாவியை வண்டியிலேயே விட்டிருந்தார். கடைசிக் கதவைத் துடைத்து மூடியதும் வண்டி தானாகப் பூட்டிக்கொண்டது. வெளியே இவர், உள்ளே சாவியும் பாட்டும். சரி, இன்னொரு சாவி இருக்கிறதே, அதை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். மனிதர் கார் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். சட்டை தைத்தால் உள்பக்கம் ஓர் உபரி பட்டனைத் தைத்து அனுப்புவது எங்கள் கடை வழக்கம். பட்டன் அறுந்தால் தேடி அலைய வேண்டாம், சட்டையிலேயே இருக்கும். அதே யோசனையில் மனிதர் உபரிச் சாவியைக் காருக்குள்ளேயே, முன்னால் இருக்கும் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்.

சாவிக்காரரைக் கூப்பிடலாம் என்று நான் கிளம்புவதற்குள் இவருக்கு அடுத்த யோசனை உதித்துவிட்டது. பின்கதவுக்கும் பின்னால், வண்டியின் மூலையில், முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். இருப்பதிலேயே சின்னது, ஆகவே இருப்பதிலேயே மலிவு. துண்டுத் துணிக் கணக்கு. இடப்பக்கத்துக் கண்ணாடிமேல் துண்டைப் போட்டு, கடையில் இருந்த பழைய கனத்த இஸ்திரிப் பெட்டியால் ஒரு போடு போட்டார். கண்ணாடி கற்கண்டு கற்கண்டாக உதிர்ந்தது. கையை விட்டுப் பின்கதவைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டு, ஜெயித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கார் கண்ணாடி மாற்றுகிறவர் எங்கள் வாடிக்கைக்காரர்தான். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு சட்டை இலவசமாகத் தைத்துக் கொடுக்கலாம்.

“கதவுல இருக்கிற பெரிய கண்ணாடின்னா இப்பவே எடுத்துக் கொடுப்பேன் மாஸ்டர். இந்தச் சின்னதை யாரும் கேக்கிறதில்ல, அதனால யாரும் வாங்கி வைக்கிறதில்ல. ஒடைக்கிறதுன்னு ஆனப்புறம் பெரிசையே ஒடைச்சிருக்கலாம்.”

வேலையும் அதில்தான் அதிகமாம். கதவுக் கண்ணாடி ஏறி இறங்குகிற சாமான், கழற்றி மாட்டிவிடலாம். இது வண்டியோடு பசை போட்டு ஒட்டியது. உள்பக்கத்து மூடியெல்லாம் கழற்ற வேண்டும், பழைய பசையைச் சுரண்ட வேண்டும், புதுப் பசை இறுகும்வரை காத்திருக்க வேண்டும். எதுவானாலும் வண்டியைக் கொண்டு வந்து காட்டுங்கள், எந்த வருஷத்து வண்டி, உடம்பில் அடித்திருக்கும் நம்பர் என்ன என்று பார்த்துத்தான் கண்ணாடி வரவழைக்க வேண்டும், ஒரே பெயரில் இருக்கும் வண்டிக்கே வருஷத்துக்கு வருஷம் கண்ணாடி மாறும் என்றார்.

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நம்பரைப் பார்த்தா அளவெடுப்பார்கள்? ஆயுசு முழுக்க அளவெடுத்தவனிடமா இந்தப் பேச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். உடையாமல் இருந்த வலப்பக்கத்துக் கண்ணாடிமேல் பேப்பரை வைத்து, ஓரம் பிசகாமல் வரைந்து வெட்டினார். அவர் ஆயுளில் அரை இஞ்ச் விடாமல் வெட்டிய ஒரே பேப்பர் அதுதான். அதை எடுத்துக்கொண்டு பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்துக்குப் போனார். அங்கே இருந்தவன் பேப்பரை வாங்கி, குவியலில் தேடி, அச்சாகப் பொருந்தும் ஒரு கண்ணாடியை எடுத்துக் கொடுத்தான். இவரும் பேப்பரை வைத்துப் பார்த்தார். நூல் பிசகவில்லை.

வீட்டுக்கு வந்து வண்டியில் வைத்துப் பார்த்தபோதுதான் சேதி புரிந்தது. அது வலப்பக்கத்துக் கண்ணாடி. சட்டைக் கைக்குப் பேப்பர் ஒன்றுதான் வெட்டுவோம். ஒரு கைக்கு அப்படியே, மறு கைக்குப் புரட்டிப் போட்டு. புரட்ட வேண்டும் என்பது தையல்காரருக்குத் தெரியும், பேப்பருக்குத் தெரியாது, பேப்பரை வாங்கியவனுக்கும் தெரியாது. சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. அதனால் என்ன, கண்ணாடியைப் புரட்டிவிட்டால் போயிற்று என்று அதையும் வண்டியில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்காரரிடம் போனார். நானும் கூடப் போனேன், வேடிக்கையை விட மனசில்லாமல். கண்ணாடிக்காரர் அதைப் பலகைமேல் வைத்துக் காட்டினார். முதுகு வளைந்திருந்தது. புரட்டினால் வளைவு வண்டிக்குள்ளே குழியும், ஓரத்துக் கறுப்புப் பட்டை வெளியே வரும். இதைக் கொஞ்சம் தேய்த்து, கொஞ்சம் வெட்டிச் சரிசெய்ய முடியாதா என்று இவர் கேட்டார். இந்தக் கண்ணாடியில் ஒரு மூலையில் கத்தி வைத்தாலும் முழுசும் உதிர்ந்துவிடும், அதை நீங்களே ஒரு தடவை பார்த்துவிட்டீர்களே என்றார் அவர்.

பிறகு நம்பரைப் பார்த்தார், ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தபடி இடது கைப்பக்கம் என்று உறுதி செய்துகொண்டார், மற்றக் கண்ணாடிகளின் கறுப்புச் சாயம் எவ்வளவு என்று பார்த்தார், சொல்லி அனுப்பினார். வருகிறது, வருகிறது என்று நாள்தான் போயிற்று. அதுவரை சும்மா இருப்பாரா? ஒளி புகும் பிளாஸ்டிக்கை வெட்டி, ஓரத்தில் சிவப்புத் துணியை மடித்துப் பைப்பிங் வைத்துத் தைத்து, ஓட்டையில் ஒட்டிக்கொண்டு ஓட்டினார். வண்டி போகும்போது அது படபடவென்று அடித்துக்கொள்ளும். தெருவே திரும்பிப் பார்க்கும். எனக்கு மானம் போயிற்று. இவருக்கோ பைப்பிங் எவ்வளவு நேராக வந்திருக்கிறது என்பதில்தான் கண். ராத்திரியில் மட்டும் புரண்டு புரண்டு படுப்பார். கண்ணாடி வராமல் போனால் அக்காவை இந்த வண்டியிலா கூட்டி வருவது, இன்னொரு தடவை எல்லார் முன்னாலும் சிரிப்பாகிவிடுமே என்பார். அப்போது எனக்குக் கேலி செய்ய வாய் வராது.

கண்ணாடி வந்தது, அண்ணி வரும் அதே நாள் காலையில். கண்ணாடிக்காரர் பாதி நேரம் உதிர்ந்ததைப் பொறுக்கினார். சீட்டுக்கு அடியில், பெல்ட் உள்ளே போகும் ஓட்டையில், மூடிக்குப் பின்னால் என்று கற்கண்டு வந்துகொண்டே இருந்தது. இதை அள்ளாமல் விட்டால் வண்டி ஆயுசுக்கும் கலகலவென்று பேசும் என்றார். பிறகு சுரண்டினார், பசை போட்டார், கண்ணாடியைப் பதித்து மேலே டேப் ஒட்டினார். இன்று முழுக்க வண்டியை எடுக்காமல் இருந்தால் நல்லது என்றார். இவர் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் எடுத்துக்கொள்ளுங்கள், பள்ளம் மேடு பார்த்து மெதுவாகப் போங்கள், நாளை வரை டேப்பை உரிக்காதீர்கள், மழைத்தூறல் பட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் ஒன்று மட்டும் கவனம் என்று நிறுத்தினார்.

“கதவை யாரும் அடிச்சுச் சாத்தக் கூடாது மாஸ்டர். உள்ள இருக்கிற காத்து போக வழியில்லாம, ஈரமா இருக்கிற புதுக் கண்ணாடியத்தான் தள்ளும்.”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருவர் கண்ணிலும் அந்தக் கடிகாரம் விழுந்தது. மெதுவாகச் சாத்துங்கள் என்று அண்ணியிடம் சொல்லலாமே என்றேன். இத்தனை வருஷம் கழித்து வருகிற அக்காவிடம் நான் பேசுகிற முதல் பேச்சு அதுவா என்று கேட்டார். நியாயம்தான். கண்ணாடிக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பயமாக இருந்தால் கதவுக் கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், காற்று அந்த வழியாகப் போய்விடும் என்றார்.

“எவ்வளவு எறக்கணும்?”

“ஒரு அரை இஞ்ச் போதும்.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

ஸ்டேஷனில் தூறிக்கொண்டிருந்தது. கழுத்துவரை பட்டன் போட்ட மழைக்கோட்டோடு அண்ணி இறங்கி வந்தார். முன்பைவிடக் கொஞ்சம் பருமன்தான். நான் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டேன். இவர் ‘வாக்கா’ என்றதற்கு அவர் ‘ம்’ என்றார். இவருடைய திட்டம், பின்கதவைத் தானே திறந்து, அக்கா உட்கார்ந்ததும் தானே பூப்போலச் சாத்துவது. எனக்குக் கை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அண்ணி ஏறி உட்கார்ந்து கதவை ஓங்கி இழுத்தார். ஸ்டேஷனில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் புதுக் கண்ணாடியைப் பார்த்தேன். டேப் லேசாகக்கூட அசையவில்லை.

வண்டி கிளம்பியது. நாலு கதவுக் கண்ணாடியிலும் அரை இஞ்ச் இடைவெளி, அத்தனையிலும் தூறல் உள்ளே வந்தது. அண்ணி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மழை உள்ள அடிக்குதுடா. கண்ணாடிய ஏத்தேன்.”

இவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, யோசிக்காமல் சொல்லிவிட்டார். “அரை இஞ்ச் விட்டு வச்சிருக்கேன்க்கா.”

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. போச்சு, இனி லாட்ஜ்தான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் பட்டன் கழற்றுகிற சத்தம் கேட்டது. பட்டன் சத்தம் எனக்குத் தெரியாமல் போகுமா? திரும்பினேன். அண்ணி மழைக்கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே அந்த நீலக் கோட்டு. போட்டுப் போட்டு வெளுத்திருந்தது. இரண்டு விலாப் பக்கமும் மட்டும், கழுத்துப்பட்டை அகலம்கூட இல்லாத ஒரு பட்டை, இன்றைக்குக் கடையிலிருந்து வந்த துணிபோலப் புது நீலமாக இருந்தது. அத்தனை வருஷம் மடிப்புக்குள் வெயில் படாமல் இருந்த துணி.

இவரும் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்துவிட்டார். வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

“போன வருஷமே பிரிச்சு விட்டாச்சு” என்றார் அண்ணி, வெளியே பார்த்தபடி. “இப்ப அதுவும் பிடிக்குது. இன்னும் கொஞ்சம் விட்டு வச்சிருக்கக் கூடாதா நீ?”

இவர் திரும்பவில்லை. பயந்த குரலில் சொன்னார். “இருக்குக்கா. நீ பிரிச்சது மேல் மடிப்பு. உள்ள இன்னொரு அரை இஞ்ச் இருக்கு. அன்னிக்கு அதைச் சொல்லல.”

அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு நிற்கவே இல்லை, கோட்டின் தையல் தாங்குமா என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

“நேரா வீட்டுக்கு ஓட்டுடா. ராத்திரியே பிரிச்சுக் கொடு. காலையில கூட்டத்துக்கு இதைத்தான் போட்டுட்டுப் போகணும்.”

வீட்டு வாசலில் இறங்கி அண்ணி கதவை அடித்துச் சாத்தினார். இவர் கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அக்காவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கத்தரிக்கோல் தேட உள்ளே ஓடினார். அன்றைக்கும் மூன்று பேருக்குத்தான் உலை வைத்திருந்தேன்.