நாளைய திகதி எழுதிய கொங்கிறீட் கட்டி

ஜோசப் அண்ணை போய்விட்டார்... கொட்டாஞ்சேனையிலிருந்து அவருடைய மகள் காலையில் போன் பண்ணிச் சொன்னா.

யுத்த காலத்தில், கொழும்பில் ஒரு ரோட்டுக் கொம்பனியின் லாப்பில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. கொங்கிறீட்டைச் சோதிப்பதுதான் இருவருக்கும் வேலை.

மனுசனுக்குச் சரியான பிடிவாதம். துறைமுகப் பக்க ரோட்டுக்கு இன்னும் ரெண்டு பை சீமெந்து கூட்டச் சொல்லி என்ஜினியர் ஒற்றைக் காலில் நின்றார்.

"எத்தனை பை போட்டனீங்கள் எண்டு கேக்காதீங்கோ சேர். உப்புத்தண்ணி எவ்வளவு உள்ள போகுது எண்டு கேளுங்கோ."

மீட்டிங்கில், எல்லார் முன்னாலும் ஜோசப் அண்ணை சொன்னது இது... சொல்லிவிட்டுப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சோதனைக்கு வார்த்த ஒவ்வொரு கட்டியிலும் சிவப்புப் பெயின்டால் உடைக்க வேண்டிய திகதியை எழுதிவிடுவார். இருபத்தெட்டாம் நாள் தண்ணீரை அழுத்தி, உடைத்து, ஈரம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்ப்போம்.

ஒருநாள் சைட்டிலிருந்து ஒரு கட்டியை, காயாமல் இருக்க ஈரச்சாக்கில் சுற்றி, த்ரீவீலில் கொண்டுவந்தேன். செக்பொயின்டில் சாக்கைப் பிரித்தார்கள். எட்டுக் கிலோ பாரம், சிவப்பில் நாளைய திகதி.

என்ன இது என்று கேட்டார்கள். என் அரைகுறைச் சிங்களத்தில் உள்ளதைச் சொன்னேன்... "நாளைக்கு உடைக்க."

நுணலும் தன் வாயால் கெடும். குண்டு என்ற சந்தேகத்தில் நேரே பொலிஸ் ஸ்டேஷன்.

த்ரீவீல்காரர் லாப்பில் போய்ச் சொல்லியிருக்கிறார். பின்னேரம் ஜோசப் அண்ணை தானாகவே வந்து நின்றார். நல்ல சிங்களத்தில், நிதானமாகச் சொன்னார். "அது என்ட எழுத்து மஹத்தயா. இவ தூக்கிக்கொண்டு வந்தவ மட்டும்தான்."

என்னை விட்டார்கள். அவரை வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் கட்டியும் கையுமாக வெளியே வந்தார். கன்னம் வீங்கியிருந்தது.

"மற்றக் கட்டியெல்லாம் உடைச்சனியோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை. ஈரம் ஒரு விரலகலம் கூடப் போகேல்ல."

சிரித்தார். சிரிக்க அவருக்கு நொந்தது.

ரோட்டை, கூடுதல் சீமெந்து இல்லாமல், அவருடைய கலவையிலேயே போட்டார்கள். அந்த ஒரு கட்டிக்கு மட்டும் திகதி தவறிவிட்டது. "இனி உடைச்சுப் பிரயோசனமில்ல, நீயே வச்சிரு" என்று என்னிடம் தந்தார். வெள்ளவத்தை வீட்டில், கடல் காற்றுக்குக் கதவு அடிபடாமல் இன்றுவரை அதுதான் முட்டுக்கொடுத்து நிற்கிறது.

அந்த ரெண்டு நாளும் உள்ளே என்ன நடந்தது என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்...

இன்று அதைக் கழுவித் துடைத்தேன். பெயின்ட் மங்கிவிட்டது, உங்கள் எழுத்து தெரிகிறது.

இன்னும் உடைக்கவில்லை அண்ணை. போயிட்டு வாங்கோ.