சரோஜா டீச்சரை நான் அனுப்பவில்லை

செவ்வாய்க்கிழமை முதல் பாடம் தொடங்குமுன் கரவனெல்ல ஆஸ்பத்திரியிலிருந்து சரோஜா டீச்சரின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார்." எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருடம் என் பக்கத்து மேசையில் இருந்து கணக்குப் படிப்பித்தவர் அவர். நான் ஆங்கில வாத்தியார்.

ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைக் கேட்டு என்னைத் துளைத்தெடுப்பார். ஒருநாள் 'பிராட்காஸ்ட்'. "ஒலிபரப்பு" என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். விடுவாரா? அகராதியைப் புரட்டினேன். வானொலி வருவதற்கு நெடுங்காலம் முன்பே அது வயல் வேலைச் சொல். 'பிராட்' என்றால் அகலம், 'காஸ்ட்' என்றால் வீசுதல். விதையைக் கையால் அள்ளி நிலமெங்கும் வீசி விதைப்பது. வானொலிக்காரர்கள் பிற்பாடுதான் அதை எடுத்துக்கொண்டார்கள்.

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ வீசுறவரு வயல் முழுக்க நடக்கணுமே சார்? நின்ன எடத்துலயே வீசுனா காலடியிலதானே விழும்!"

"கணக்கு டீச்சராச்சே, தூரத்த அளக்காம விடுவீங்களா?" என்று கேலி செய்தேன்.

அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. மண் சரியலாம், கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களை உடனே வெளியேறச் சொல்லுங்கள் என்று கிராம சேவகர் எனக்குச் சிங்களத்தில் செய்தி அனுப்பினார். அது கோயில் திருவிழா வாரம். ஓடிப்போய்க் கோயில் மைக்கைப் பிடித்து மூன்று தடவை அறிவித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.

"யாராச்சும் வெளிய வந்தாங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"அதான் மைக்ல சொல்லிட்டேனே."

"ஐயோ சார்! காலையிலேருந்து கத்துற மைக்க யாரு காதுல வாங்குறா?"

குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கிராம சேவகர் மறுபடி அழைப்பார் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு நான் உட்கார்ந்துவிட்டேன்.

கீழ் லயத்தில் ஒருவரும் அசைந்திருக்கவில்லை. "அன்னதானத்துக்குக் கூப்புடுறாங்கன்னுல்ல இருந்தோம்!" என்றார்களாம். டீச்சர் காம்பரா காம்பராவாக, வீடு விடாமல் கதவைத் தட்டி, பிள்ளைகளைத் தூக்கி, எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு மலை சரிந்து கடைசி மூன்று காம்பராவும் மண்ணுக்குள் போயின. உயிர்ச்சேதம் இல்லை.

மழை விட்டபின் கோயிலில் கூட்டம் போட்டு எனக்கு மாலை போட்டார்கள். "சார்தான் மைக்லயும் சொல்லி, டீச்சரையும் அனுப்பிவச்சாரு" என்றார் கோயில் தலைவர். நான் வாயைத் திறக்கவில்லை. முன்வரிசையில் இருந்த டீச்சர் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். திரும்பி வரும்போது, "நான் உண்மையச் சொல்லியிருக்கணும் டீச்சர்" என்றேன். "விடுங்க சார், ஆளுக உசுரோட இருக்காங்கல்ல" என்று சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதையும் அவரிடம் சொல்லவில்லை.

கீழ் லயத்து மக்களே, நான் டீச்சரை அனுப்பவில்லை. அவராகத்தான் வந்தார். நான் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். அவர் எனக்காகத் தட்டிய அந்தக் கைத்தட்டல்தான் இப்போது என்னிடம் மிச்சம். அது எனக்கு உரியதல்ல. திருப்பிக் கொடுக்க அவர் இல்லை.