அத்தையின் இரண்டு கவிஞர்கள்

என் அத்தை எம்.ஃபில் படித்தபோது இரண்டு ஆங்கிலக் கவிஞர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இருவருடைய ஆரம்பகாலக் கவிதைகளையும் ஒப்பிட்டு ஆய்வேடு எழுத வேண்டும். அவள் என் அப்பாவின் தங்கை. பரமத்தி வேலூரில் எங்களோடுதான் இருந்தாள்.

அப்பாவுக்கு ஒப்பிடுவது என்றால் லாரி மைலேஜ்தான். “ரெண்டு பேர்ல ஆரு ஒசத்தி, சாமி?” என்று தங்கையைக் கேட்பார்.

“அப்படிச் சொல்ல முடியாதுங்கண்ணா.”

“அப்பறம் எதுக்கு வருசக்கணக்கா படிக்கறே?”

அத்தை புத்தகத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய்விடுவாள்.

அம்மாதான் காது கொடுத்துக் கேட்பாள். அவள் பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணமாகி வந்தவள். சந்தைக்குப் போகும் வெற்றிலையை அவள் அடுக்கிக் கட்டுவாள். அத்தை கவிதையை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுத் தமிழில் சொல்வாள். ஒருவர் மழையில் நனைந்துகொண்டே மழையை எழுதுவாராம். மற்றவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எழுதுவாராம்.

“சன்னலச் சாத்துனவருக்குத்தான் நனையோணும்ங்கற ஆச ரொம்ப இருந்துருக்கும்” என்றாள் அம்மா ஒருநாள், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இத எழுதிக்கட்டுங்களா அண்ணி?” என்றாள் அத்தை. அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தபோது திருச்செங்கோட்டிலிருந்து வரன் வந்தது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம். ஆவணியிலேயே கல்யாணம் வேண்டும், படித்தவரை போதும் என்றார்கள். அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவுக்குத் தங்கை மேல் உயிர். நல்ல இடத்தை விடவும் மனமில்லை. பொறுப்பைச் சாமி தலையில் கட்டிவிட்டார்.

எங்கள் பக்கம் இப்படி முடிவெடுக்க முடியாதபோது கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியே மடித்துச் சாமி முன்னால் வைத்து, ஒன்றைக் குழந்தை கையால் எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் ஆவணியில் கல்யாணம், வெள்ளை வந்தால் படிப்பு முடியட்டும் என்றார் அப்பா. பூவை வெற்றிலையில் மடித்து நார் கட்டியது அம்மா. எடுக்க வேண்டியது நான். அத்தை தூணோரம் நின்று என் கையையே பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

வெள்ளை வந்தது.

அப்பா பெருமூச்சு விட்டு, கோயில் வாசலிலிருந்தே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார். “சாமி உத்தரவு கொடுக்கலீங்க” என்றார். அத்தை என்னைத் தூக்கி முத்தமிட்டாள். நான் ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்தேன். நான் எடுக்காமல் விட்ட மற்ற மடிப்பு அவள் இடுப்பில் செருகியிருந்தது. உருவிப் பிரித்தேன்.

“அம்மா, இதுலயும் வெள்ளதான் இருக்குது.”

அம்மா முன்சீட்டில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். “தெரியும் சாமி. பேசாம தூங்கு” என்று என்னைச் சாய்த்துக்கொண்டாள். அவள் நெஞ்சு படபடவென்று அடித்தது.

பாவம், சிவப்புப் பூ கிடைக்கவில்லை போலிருக்கிறது, அப்பா திட்டுவார் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் பள்ளிவிட்டு வரும் வழியில் ஒரு வேலியோரம் சிவப்பு அரளி பூத்திருந்தது. கை நிறையப் பறித்துக்கொண்டு ஓடினேன். உள்ளே அத்தை சத்தமாக ஆங்கிலம் வாசித்துக்கொண்டிருந்தாள். அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அடுத்த தடவைக்கு வெச்சுக்கோம்மா” என்று பூவை நீட்டினேன்.

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. ஒரு கைப்பிடி பூவுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு ஒரே பெருமை.